நவம்பர் வந்தாச்சு, புள்ளைக்கு லீக் ஃபைனல்ஸாம்: கிராஸ் கன்ட்ரி வீட்டுக்காரங்க கேக்குற கேள்விகள்

என் பொண்ணு பே ஏரியால ஒரு பப்ளிக் ஸ்கூல்ல நாலு வருஷம் கிராஸ் கன்ட்ரி ஓடினா. மொத வருஷம் எனக்கு ஒண்ணுமே புரியல. கபடியும் வாலிபாலும் பாத்து வளந்தவனுக்கு புல்லு மேல 200 புள்ளைங்க மொத்தமா ஓடுறத பாத்தா தேர் இழுக்க ஓடுற கூட்டம் மாதிரிதான் இருந்துச்சு, யாரு ஜெயிச்சா யாரு தோத்தான்னே கண்டுபிடிக்க முடியல. இப்ப அவ காலேஜ் போயிட்டா, ஆனாலும் அக்டோபர் கடைசி ஆச்சுன்னா தெரிஞ்ச தமிழ் வீட்டுக்காரங்க வரிசையா ஃபோன் பண்ணி அதே கேள்விங்களத்தான் கேக்குறாங்க, அதான் எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நான் கோச் இல்ல, டாக்டரும் இல்ல, மடக்கு சேர் தூக்கிட்டு அலைஞ்ச அப்பா. சொல்றதெல்லாம் பெரும்பாலும் கலிஃபோர்னியா கதை, நடுவுல மத்த ஸ்டேட்டும் வரும்.

கேள்வி: சும்மா ஓடுறதுதானே, ட்ராக்குக்கும் இதுக்கும் என்ன வித்யாசம்?

ட்ராக் ரவுண்டு, 400 மீட்டர், எங்க போனாலும் ஒரே அளவு. இது பார்க், மலை, கோல்ஃப் கோர்ஸ், மண் ரோடு, புல்லு, சேறு. ஹை ஸ்கூல்ல பொதுவா 5 கிலோமீட்டர், அதாவது 3.1 மைல், சில எடத்துல 3 மைல். சீசன் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு நவம்பர்ல முடியும், ட்ராக் ஸ்பிரிங்ல. ஒரே புள்ள ரெண்டும் ஓடலாம், நெறைய பேர் அப்படித்தான்.

கேள்வி: கம்மி பாயின்ட் எடுத்தவன் ஜெயிக்கிறானாமே, அது எப்படிங்க?

இத ஒரு தடவ ஒழுங்கா புரிஞ்சிக்கிட்டா மத்த எல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒரு ஸ்கூல்ல இருந்து வார்சிட்டி ரேஸ்ல, அதாவது ஸ்கூலோட மெயின் டீம் ஓடுற ரேஸ்ல, 7 பேர் ஓடுவாங்க. அவங்கள்ள மொதல்ல வர்ற 5 பேரோட எடத்த கூட்டுவாங்க, மூணாவதா வந்தா 3 பாயின்ட், நாப்பதாவதா வந்தா 40 பாயின்ட். கூட்டினா யாருக்கு கம்மியோ அந்த டீம் ஜெயிச்சுது. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரே ஸ்கூல் எடுத்துட்டா 15, அதுக்கு கீழ போகவே முடியாது.

ஒரு கணக்கு போட்டு காட்றேன். ஒரு டீம்ல 3, 8, 14, 21, 60 வந்தாங்கன்னு வைங்க, மொத்தம் 106. இன்னொரு டீம்ல 12, 15, 18, 22, 25, மொத்தம் 92. ரெண்டாவது டீம்ல மொத பத்து பேருக்குள்ள ஒருத்தர் கூட இல்ல, ஆனா அவங்கதான் ஜெயிச்சாங்க, ஏன்னா மொத டீமோட அஞ்சாவது ஆள் 60ல போய் உக்காந்துட்டாரு. அதனாலதான் கோச்சுங்க நட்சத்திரத்த பத்தி பேசுறத விட அஞ்சாவது ஆளப் பத்தி அதிகமா பேசுவாங்க. "மொத ஆளுக்கும் அஞ்சாவது ஆளுக்கும் எவ்ளோ கேப்"னு அவங்க கேக்குறத காதுல வாங்குங்க, அதுதான் சீசனோட ஜாதகம். ரேஸோட நடுப்பகுதியில 10 செகண்டுக்குள்ள 30 பேர் வருவாங்க, மொத எடத்துக்கு போட்டி போடுறவன் 10 செகண்டு மெதுவா வந்தா ஒண்ணோ ரெண்டோ பாயின்ட் போகும், அஞ்சாவது ஆள் அதே 10 செகண்டு விட்டா 30 பாயின்ட் போயிடும்.

நியூயார்க்ல ஃபேயட்வில் மான்லியஸ்னு ஒரு ஸ்கூல் இருக்கு, அந்த பொண்ணுங்க நைக் நடத்துற நேஷனல்ஸ 2006ல இருந்து 2017க்குள்ள 11 தடவ ஜெயிச்சாங்க. அவங்க ஓடுற பழைய வீடியோ பாருங்க, பச்சை ஜெர்சி கூட்டமா போகும், அதுக்கு பேர்தான் பேக் ரன்னிங்.

கேள்வி: அப்ப ஆறாவது ஏழாவது ஆள் சும்மாதானே ஓடுறாங்க?

இந்த கேள்விய நானே என் பொண்ணுகிட்ட கேட்டிருக்கேன், அதுக்கு நல்லா அனுபவிச்சேன்.

மொதல்ல ரூல் சொல்லிடறேன். ஆறாவது, ஏழாவது ஆளோட பாயின்ட் கூட்டல்ல வராது, ஆனா அவங்க எடம் எடம்தான். அடுத்த ஸ்கூலோட அஞ்சாவது ஆள நம்ம ஆறாவது ஆள் முந்திட்டா அந்த ஸ்கூலுக்கு ஒரு பாயின்ட் ஏறும், ஏழாவதும் முந்திட்டா ரெண்டு. இன்னொண்ணு, ரெண்டு டீமும் ஒரே பாயின்ட்ல நின்னா யாரோட ஆறாவது ஆள் முன்னாடி வந்தாங்கன்னு பாத்துதான் முடிவு பண்ணுவாங்க.

ஜூனியர் இயர்ல, அதாவது பதினொண்ணாம் கிளாஸ்ல, லீக் ஃபைனல்ஸ். என் பொண்ணு ஆறாவது ஆள். காலைல கார்ல போகும்போது அவ கைய பெசஞ்சுகிட்டே இருந்தா, சமாதானப்படுத்துறதா நெனச்சுகிட்டு, "எதுக்கும்மா டென்ஷன், உன் நம்பர்தான் கணக்குலயே வராதே"ன்னு சொல்லிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. ரேஸ் முடிஞ்சுது, அடுத்த கட்டமான செக்ஷன் போட்டிக்கு போற கடைசி எடத்துக்கு எங்க ஸ்கூலும் இன்னொரு ஸ்கூலும் ஒரே பாயின்ட். அவங்க ஆறாவது பொண்ணு எங்க பொண்ண விட நாலு செகண்டு முன்னாடி. அவ்ளோதான், சீசன் முடிஞ்சுது. டென்ட்டுக்கு கீழ ஏழு புள்ளைங்களும் அழுதுச்சுங்க, வீட்டுக்கு வர்ற நாப்பது நிமிஷமும் கார்ல ஒரு சத்தம் இல்ல, நானும் வாய தொறக்கல, தொறந்து என்ன சொல்றது. காலைல நான் அப்படி சொல்லாம இருந்தா நாலு செகண்டு வந்திருக்குமான்னு கேட்டா தெரியல, ஆனா அந்த வார்த்தைய திரும்ப எடுக்க முடிஞ்சா எடுத்திருப்பேன். ஆறாவது ஆளுக்கு அப்பா அம்மாவா இருந்தா இதயே நீங்களும் சொல்லி வைக்காதீங்க, கெஞ்சி கேட்டுக்கறேன்.

கேள்வி: லீக், செக்ஷன், ஸ்டேட்னு ஏதேதோ சொல்றான், என்ன வரிசை?

செப்டம்பர் அக்டோபர்ல நடக்குற இன்விடேஷனல் எல்லாம் அழைப்பு ரேஸ், ஜெயிச்சா மெடல், டீ ஷர்ட், தோத்தா ஒண்ணும் குடி முழுகாது. அக்டோபர் கடைசில இருந்துதான் வடிகட்டுற வேலை. கலிஃபோர்னியால மொதல்ல லீக் ஃபைனல்ஸ், அதுல தேறினவங்க செக்ஷன், அதுல தேறினவங்க ஸ்டேட். ஸ்டேட் முழுக்க பத்து செக்ஷன் இருக்கு, நம்ம சான் ஹோசே, ஃப்ரீமான்ட் ஆளுங்க பக்கத்து பக்கத்துல இருந்தாலும் வேற வேற செக்ஷன், அதனால ஃப்ரீமான்ட் நண்பர் சொன்ன தேதிய நம்பி லீவு போடாதீங்க. எத்தன டீம் மேல போகும்கறது செக்ஷனுக்கு செக்ஷன், டிவிஷனுக்கு டிவிஷன் மாறும். டீம் தேறலன்னாலும் தனியா நல்லா ஓடினவங்க கொஞ்ச பேர் மேல போகலாம். டிவிஷன்கறது ஸ்கூல்ல எத்தன புள்ளைங்க படிக்கிறாங்கங்கறத வச்சு பிரிக்கிறது, பெரிய ஸ்கூல் டிவிஷன் ஒண்ணு, குட்டி ஸ்கூல் அஞ்சு. தெறமைய வச்சு பிரிச்சதுன்னு நெனச்சு "நாங்க டிவிஷன் நாலுதாங்க"ன்னு கூச்சப்படுற அம்மாவ எல்லாம் பாத்திருக்கேன், தேவையே இல்ல.

மத்த ஸ்டேட்ல பேரும் படியும் வேற. டெக்சஸ்ல டிஸ்ட்ரிக்ட், ரீஜன், அப்புறம் ஆஸ்டின் பக்கத்துல ரவுண்ட் ராக்ல ஓல்ட் செட்லர்ஸ் பார்க்ல ஸ்டேட், நவம்பர் ஆரம்பத்துலயே முடிஞ்சிடும். நியூ ஜெர்சில ஸ்டேட் க்ரூப் சாம்பியன் ஆனாலும் விடமாட்டாங்க, அதுக்கு மேல மீட் ஆஃப் சாம்பியன்ஸ்னு ஒண்ணு, ஹோம்டெல் பார்க்ல. இல்லினாய்ல பியோரியா ஊர்ல டெட்வைலர் பார்க்.

கேள்வி: என் பையன் ஜேவிதான், அவனுக்கு சாம்பியன்ஷிப் இல்லியா?

ஜேவின்னா வார்சிட்டிக்கு அடுத்த டீம். லீக் ஃபைனல்ஸ்ல ஜேவி ரேஸ் பெரும்பாலும் உண்டு, அதுதான் அவனுக்கு வருஷத்தோட கடைசி ரேஸ். அதுக்கு மேல ஏழு பேரும் கூட ரெண்டு மூணு மாத்து ஆளும்தான். அதனால ஜேவிதானேன்னு அன்னிக்கு ஆபீஸ் மீட்டிங்க்கு போயிடாதீங்க. வேற பல ஆட்டத்துல சேரணும்னா ட்ரையவுட்ல கழிச்சு கட்டுவாங்க, இதுல பெரும்பாலான ஸ்கூல்ல வந்தவன் எல்லாம் ஓடலாம். சிகாகோ பக்கம் எல்ம்ஹர்ஸ்ட்ல யார்க் ஹை ஸ்கூல்ல ஜோ நியூட்டன்னு ஒரு கோச் இருந்தாரு, 28 தடவ ஸ்டேட் டைட்டில் வாங்கினவரு, 2017ல தவறிட்டாரு. அவரு டீம்ல ஒரு சீசன்ல 200 பசங்களுக்கு மேல இருந்திருக்காங்க. ஏழு பேர்தான் ஸ்டேட்டுக்கு போக முடியும்னு தெரிஞ்சும் 200 பேர சேத்துக்கிட்ட மனுஷன்.

கேள்வி: அக்டோபர்ல 16:50 ஓடினான், போன வாரம் 17:30. சீசன் கடைசில மோசமாகிட்டானா?

இதுதான் வருஷா வருஷம் அதிகமா வர்ற கேள்வி. மொத கேள்வி நான் திருப்பி கேப்பேன், எந்த கோர்ஸ், அதாவது எந்த எடத்து ஓட்டப்பாதை? நம்ம ஆளுங்க மார்க் ஷீட் மாதிரி எல்லா டைமையும் ஒரே எக்ஸெல்ல போட்டு கோடு வரைஞ்சு பாக்குறாங்க, அதுல அர்த்தமே இல்ல. பெல்மான்ட்ல இருக்குற கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் 2.95 மைல், ஏறி எறங்கி தூசியும் வெயிலுமா இருக்கும். ஃப்ரெஸ்னோ உட்வர்ட் பார்க் 5 கிலோமீட்டர், அத விட தட்டை. நியூயார்க் வான் கோர்ட்லன்ட் பார்க்ல பல ஹை ஸ்கூல் ரேஸ் 2.5 மைல்தான், ஆனா செமட்டரி ஹில்னு ஒரு ஏத்தம், பேரே சுடுகாட்டு மேடு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மவுன்ட் சாக் கோர்ஸ்ல ஒரு ஏத்தத்துக்கு பூப் அவுட்னே பேர், அதுல ஏறின எந்த புள்ளையும் ஏன் அந்த பேர்னு கேட்டதில்ல. ஹோம்டெல்ல பவுல்னு ஒரு பள்ளம், எறங்கினா ஏறணும். இத்தனையையும் ஒரே எக்ஸெல்ல போட்டா ஏத்தத்துக்கும் தட்டைக்கும் உள்ள வித்யாசம்தான் கோடா வரும், பையனோட ஓட்டம் வராது.

சரியா ஒப்பிடணும்னா அதே கோர்ஸ்ல போன வருஷம் என்ன ஓடினான்னு பாருங்க. இல்லாட்டி அதே ரேஸ்ல ஓடின பக்கத்து ஸ்கூல் பையன், எப்பவும் இவன் கூடவே வர்றவன், அவனுக்கும் இவனுக்கும் எவ்ளோ கேப் இருந்துச்சுன்னு பாருங்க. கோர்ஸ் ஒண்ணா இருந்தாத்தான் டைமுக்கு பேச்சு. அதுக்கு நல்ல உதாரணம் இல்லினாய்ஸ் டெட்வைலர். 1972ல கிரெய்க் வர்ஜின் அங்க 3 மைல 13:50.6ல ஓடினாரு, பின்னாடி ஒலிம்பிக்ஸ் எல்லாம் போனவரு. அதே பார்க்ல வருஷா வருஷம் ஸ்டேட் நடந்தும் அந்த டைம 47 வருஷம் யாராலயும் தொட முடியல. 2019லதான் ஜாஷ் மெத்னர்னு ஒரு பையன் 13:49.86 ஓடி முந்தினான். ஒரு செகண்டு கூட இல்ல வித்யாசம், அதுக்கு 47 வருஷம்.

ரெண்டாவது, சாம்பியன்ஷிப் ரேஸ்ல யாரும் டைமுக்கு ஓடுறதில்ல, எடத்துக்குத்தான் ஓடுறாங்க. ஆரம்பத்துல மெதுவா போயி கடைசி அரை மைல்ல சண்டை போடுவாங்க. அதனால டைம் அதிகமா இருந்தாலும் நல்ல ரேஸா இருந்திருக்கலாம்.

ஆனா அதே கோர்ஸ், அதே வெயில், எப்பவும் கூட வர்றவங்க எல்லாம் நிமிஷ கணக்குல முந்திட்டாங்க, புள்ள வீட்ல எந்நேரமும் தூங்கி வழியுதுன்னா அது வேற விஷயம், கீழ ரத்த பரிசோதனை பத்தி சொல்லியிருக்கேன் பாருங்க.

கேள்வி: முக்கியமான நேரத்துல கோச் பயிற்சிய கொறச்சிட்டாரு. நாங்க காலைல தனியா ஓட வைக்கலாமா?

வேண்டாம். கண்டிப்பா வேண்டாம். பரீட்சைக்கு முந்தின நாள் விடிய விடிய படிச்சு பழகின நமக்கு இது ஜீரணிக்க கஷ்டம்தான். இதுக்கு பேர் டேப்பர், கடைசி ரெண்டு வாரம் ஓடுற தூரத்த கொறச்சு வேகத்த மட்டும் விடாம வச்சிருக்குறது. ஜூன்ல இருந்து சேத்து வச்ச களைப்பு அப்பத்தான் எறங்கும், கால் புதுசாகும். ரேஸுக்கு பத்து நாள் முன்னாடி புதுசா ஓடுற அஞ்சு மைல் அந்த ரேஸுக்கு ஒண்ணும் சேக்காது, களைப்ப மட்டும் சேக்கும். டேப்பர் நேரத்துல புள்ளைங்களுக்கு கால் கனமா இருக்குற மாதிரி, எங்கயோ வலிக்கிற மாதிரி எல்லாம் தோணும், என் பொண்ணு ஒவ்வொரு நவம்பரும் "அப்பா எனக்கு ஃபிட்னஸே போயிடுச்சு"ன்னு புலம்புவா. அந்த நேரத்த தூங்க விடுங்க. பத்து மணிக்கு லைட்ட அணைக்க வைக்கிறது நீங்க செய்யக்கூடிய பெரிய கோச்சிங்.

கேள்வி: ரேஸ் அன்னிக்கு என்ன சாப்பாடு? நாங்க வெஜிடேரியன்.

இட்லிதான். ஜோக் இல்ல, ரேஸுக்கு மூணு மணி நேரம் முன்னாடி எண்ணெய் கம்மியா, நார் கம்மியா, மாவுச்சத்து ஜாஸ்தியா சாப்பிடுங்கன்னு இந்த ஊர் ஆளுங்க பேகல், ஓட்மீல்னு தேடுறாங்க, நம்ம கிட்ட நாலு இட்லி இருக்கு. சாம்பார்ல பருப்பு ஜாஸ்தி போடாதீங்க, வயித்துக்கு உறுத்தும், கொஞ்சம் சக்கரையோ தேனோ தொட்டுக்கிட்டா போதும். பூரி, வடை, நெய் பொங்கல் எல்லாம் ரேஸ் முடிஞ்சப்புறம். முக்கியமா ரேஸ் அன்னிக்கு புதுசா எதையும் குடுத்து பாக்காதீங்க, கடைல வாங்குற எனர்ஜி ஜெல் உட்பட.

முந்தின ரெண்டு நாள்தான் பெரிய சிக்கல், ஏன்னா கலிஃபோர்னியா ஸ்டேட் மீட் தேங்க்ஸ்கிவிங்க்கு அடுத்த சனிக்கிழமை. வியாழக்கிழமை சித்தப்பா வீட்ல பிரியாணி, குலாப் ஜாமூன்னு இருக்கும். சாப்பிடட்டும், அளவா. வெள்ளிக்கிழமை சாதாரண சாப்பாடு, தயிர் சாதம் தாராளமா.

இரும்புச் சத்து பத்தி சொல்லணும். தூரம் ஓடுற புள்ளைங்களுக்கு, குறிப்பா பொண்ணுங்களுக்கு, அதுலயும் கறி மீன் சாப்பிடாத பொண்ணுங்களுக்கு இரும்பு கொறையுறது ரொம்ப சகஜம். ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேத்து வச்சிருக்குற இரும்போட அளவு, கொறைவா இருக்கலாம், அதனால டாக்டர்கிட்ட ஃபெரிட்டினும் சேத்து பாக்க சொல்லுங்க. இத நவம்பர்ல கண்டுபிடிச்சா அந்த சீசனுக்கு உதவாது, ஏத்துறதுக்கு மாசக்கணக்கு ஆகும், ஜூலைல பாத்துடுங்க. நீங்களா மாத்திரை வாங்கி குடுக்காதீங்க, இரும்பு ஜாஸ்தி ஆனாலும் கெடுதல். கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சை புழிஞ்சுக்கலாம், அது உதவும், சாப்பாட்டோட டீ காப்பி குடிச்சா அது தடுக்கும்.

கேள்வி: காலு வலிக்குதுங்கறா, ஆனா அடுத்த வாரம் செக்ஷன். ஓட விடலாமா?

தசை வலி பொதுவா ஓட ஓட கொறையும், ரெண்டு காலுலயும் இருக்கும். எலும்புல ஒரு எடத்த விரல் வச்சு "இங்கதான்"னு காட்றாங்க, ஓட ஓட ஏறுது, நடந்தாலே வலிக்குது, ராத்திரியும் வலிக்குதுன்னா அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா, அதாவது எலும்புல மெல்லிய விரிசலா, இருக்கலாம், அன்னிக்கே டாக்டர். மொத எக்ஸ்ரேல அது தெரியாமலும் போகும், எக்ஸ்ரே நல்லாருக்குன்னு சொல்லி ஓட அனுப்பிடாதீங்க. பொண்ணுங்களுக்கு பீரியட் மாசக்கணக்கா வரலன்னா "ஓடுறவங்களுக்கு அப்படித்தான்"னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க, ஓடுற அளவுக்கு சாப்பாடு போதலங்கறதுக்கு அது அறிகுறி, எலும்புல போய் முடியும். நம்ம வீடுங்கள்ல இத அப்பா முன்னாடி பேச மாட்டாங்க, அதனால அம்மா கேளுங்க, அப்பா தெரியாத மாதிரி நடிக்காம இருங்க.

கேள்வி: ஸ்பைக்ஸ் வாங்கணுமா?

கட்டாயம் இல்ல, ஆனா வார்சிட்டில எல்லாரும் போடுவாங்க. ஷூவுக்கு அடியில இருக்குற ஆணிய கழட்டி மாத்தலாம், காஞ்ச தரைக்கு கால் இன்ச், சேறுக்கு அரை இன்ச். ஸ்டேட்டுக்குன்னு ஆசையா புது ஸ்பைக்ஸ் வாங்கி அன்னிக்கே போட வைக்காதீங்க, குதிகால் உரிஞ்சு ரத்தத்தோட வந்த புள்ளைங்கள பாத்திருக்கேன்.

கேள்வி: மழை பெஞ்சா ரத்தாகுமா?

மழைக்கு ஆகாது, இடி மின்னலுக்கு நிறுத்துவாங்க. கலிஃபோர்னியால நவம்பர்ல பயம் காட்டுத்தீ புகைதான், காத்து தரம் ஏக்யூஐ 150 தாண்டினா வெளில ஓட்டம் கிடையாது, தள்ளிப் போடுவாங்க இல்ல எடம் மாத்துவாங்க. 2020ல கோவிட்னால ஸ்டேட் மீட்டே நடக்கல, அந்த வருஷ சீனியர் புள்ளைங்கள நெனச்சா இப்பவும் பாவமா இருக்கும்.

கேள்வி: ஹிஜாப் போட்டு ஓடலாமா? கயிறு, செயின் எல்லாம் கழட்டணுமா?

ஓடலாம். 2019ல ஒஹாயோல ஒரு டிஸ்ட்ரிக்ட் மீட்ல ஹிஜாப் போட்டு ஓடின பொண்ண, முன்கூட்டி அனுமதி வாங்கலன்னு சொல்லி, ஓடி முடிச்சப்புறம் டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. பெரிய பிரச்சனையாகி, 2022ல அந்த ஸ்டேட்ல அதுக்குன்னே சட்டம் வந்துச்சு, தேசிய ரூலயும் இப்ப முன் அனுமதி வேண்டாம்னு மாத்தியாச்சு. நகைக்கு முன்னாடி இருந்த தடையும் இப்ப தேசிய ரூல்ல இல்ல, அதனால கழுத்து செயின், கைக்கயிறு பிரச்சனை இல்ல. யூனிஃபார்ம்ல மட்டும் கறாரா இருப்பாங்க, குளிருதுன்னு உள்ள ஏதாவது கலர் சட்டை போட்டு அனுப்புறதுக்கு முன்னாடி கோச்ச ஒரு வார்த்த கேளுங்க.

கேள்வி: ஃப்ரெஸ்னோ ஸ்டேட் மீட்டுக்கு போறோம், என்ன தெரிஞ்சிருக்கணும்?

மொதல்ல வாழ்த்துக்கள், அவ்ளோ தூரம் வர்றதே பெரிசு. 1987ல ஸ்டேட் மீட் ஆரம்பிச்சதுல இருந்து உட்வர்ட் பார்க்லதான். அஞ்சு டிவிஷன், பசங்க பொண்ணுங்க தனித்தனி, ஆக மொத்தம் பத்து ரேஸ், ஒவ்வொண்ணுலயும் கிட்டத்தட்ட 200 பேர். செக்ஷன் ரேஸ் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே ஹோட்டல் ரூம் எல்லாம் தீந்துடும், தேறுவாங்களோ மாட்டாங்களோ, கேன்சல் பண்ற மாதிரி முன்னாடியே ஒண்ணு போட்டு வைங்க, அதுக்கு பேர் அபசகுனம் இல்ல. வெள்ளிக்கிழமை டீம் கோர்ஸ ஓடி பாக்க போகும். சனிக்கிழமை காலைல பனி மூட்டமும் குளிருமா இருக்கும், பத்து மணிக்கு மேல வெயில் வரும், ஸ்வெட்டரும் வேணும் தொப்பியும் வேணும். பார்க்கிங்க்கு ரேஸ் ஆரம்பிக்க ஒன்ற மணி நேரம் முன்னாடியாவது போங்க.

எங்க நிக்கிறதுன்னு கேப்பாங்க. ஃபினிஷ் லைன்ல நின்னா கூட்டத்துல ஒண்ணும் தெரியாது. ரெண்டு மைல் தாண்டின எடத்துல நில்லுங்க, புள்ளைக்கு அங்கதான் தனியா இருக்குற மாதிரி இருக்கும். "ஓடு ஓடு"ன்னு கத்தாதீங்க, ஓடிக்கிட்டுதான் இருக்கு. முன்னாடி போறவங்கள எண்ணி "முன்னாடி மூணு பேர், வெள்ளை ஜெர்சி"ன்னு சொல்லுங்க, அது உபயோகம். கூடவே ஓடாதீங்க, அது உதவி பண்றதா எடுத்துக்கிட்டு புள்ளைய டிஸ்குவாலிஃபை பண்ணலாம். ஒரு தாத்தா வேட்டிய மடிச்சு கட்டிட்டு கயிறுக்கு இந்த பக்கம் அம்பது அடி பேத்தி கூட ஓடினத நான் பாத்தேன், நல்ல வேளை எந்த அஃபிஷியலும் பாக்கல.

கேள்வி: ஸ்டேட்டுக்கு அப்புறமும் ஏதோ நேஷனல்ஸ் இருக்காமே?

ரெண்டு. ஒண்ணு 1979ல கின்னி ஷூ கம்பெனி பேர்ல ஆரம்பிச்சு அப்புறம் ரொம்ப வருஷம் ஃபுட் லாக்கர் பேர்ல நடந்தது. நாட்ட நாலு ரீஜனா பிரிச்சு ஒவ்வொண்ணுல இருந்தும் பத்து பேர், மொத்தம் 40 பசங்க 40 பொண்ணுங்க, இது தனி ஆளுக்கான போட்டி. ஃபைனல் பெரும்பாலும் சான் டியேகோ பல்போவா பார்க். 2000ல ஃப்ளோரிடா ஓர்லாண்டோல நடந்தப்ப டேதன் ரிட்சன்ஹைன், ஆலன் வெப், ரயன் ஹால்னு மூணு பேரும் வரிசையா ஒண்ணு ரெண்டு மூணு வந்தாங்க, மூணு பேருமே பின்னாடி ஒலிம்பிக்ஸ் ஓடினாங்க.

இன்னொண்ணு நைக் கிராஸ் நேஷனல்ஸ், 2004ல ஆரம்பிச்சது, போர்ட்லன்ட்ல டிசம்பர் மொத சனிக்கிழமை வாக்குல, 22 டீமும் தனி ஆளுங்களும். அங்க ஸ்கூல் பேர்ல ஓட முடியாது, க்ளப் பேர் வச்சுக்கிட்டு வேற ஜெர்சி போட்டு ஓடுவாங்க, ஏன்னா ஸ்கூல் சீசன் அதோட முடிஞ்சு போச்சு. 2019ல நம்ம கலிஃபோர்னியா நியூபரி பார்க் பசங்க ஜெயிச்சாங்க, அவங்க டீம் நிகோ யங் 14:52.3ல தனியாவும் ஜெயிச்சாரு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடினது அதே ஆள்தான். பொண்ணுங்கள்ள நியூயார்க் கேட்லின் டூயி 2017, 18, 19னு மூணு வருஷம் தொடர்ந்து ஜெயிச்சாங்க.

கேள்வி: இதனால காலேஜ் ஸ்காலர்ஷிப் கெடைக்குமா?

இத எதிர்பாத்து ஓட விட்டீங்கன்னா கணக்க கேட்டுக்கோங்க. ரொம்ப வருஷமா டிவிஷன் ஒண்ணு காலேஜ்ல (இது காலேஜ் விளையாட்டோட மேல் மட்டம், ஹை ஸ்கூல் டிவிஷன் வேற) ஆம்பளைங்களுக்கு ட்ராக்கும் கிராஸ் கன்ட்ரியும் சேத்தே 12.6 ஸ்காலர்ஷிப், பொம்பளைங்களுக்கு 18, அதயும் குண்டு எறியுறவங்கள்ள இருந்து கம்பு தாண்டுறவங்க வரைக்கும் பிச்சு பிச்சு குடுத்தாங்க. 2025ல அந்த முறைய மாத்தி டீம்ல எத்தன பேருன்னு வரம்பு வச்சிட்டாங்க, அதனால சில காலேஜ்ல எடமே கொறஞ்சிருக்கு. ஸ்டேட் மீட் வரைக்கும் போன புள்ளைங்கள்ள கூட முழு ஸ்காலர்ஷிப் வாங்கினவங்க எனக்கு தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல. என் பொண்ணு இப்ப காலேஜ்ல க்ளப்ல ஓடுறா, காசு நாங்கதான் கட்டுறோம்.

கேள்வி: ரேஸ் முடிஞ்சு வந்ததும் என்ன சொல்றது? நல்லா ஓடலன்னா?

மொத அஞ்சு நிமிஷம் ஒண்ணும் சொல்லாதீங்க. ஃபினிஷ் லைன் தாண்டினா புள்ளைங்க முட்டிய புடிச்சிட்டு நிப்பாங்க, சில பேர் வாந்தி எடுப்பாங்க, அப்புறம் நேரா டீம்கிட்டத்தான் போவாங்க, உங்ககிட்ட வரமாட்டாங்க, கோவிச்சுக்காதீங்க. வந்ததும் ஜாக்கெட்ட குடுங்க, தண்ணி குடுங்க. டைம் என்னன்னு கேக்காதீங்க, உங்க ஃபோன்லயே ரிசல்ட் வந்திருக்கும். "அந்த பொண்ண புடிச்சிருக்கலாமே"ங்கறது இந்த ஜென்மத்துல வேண்டாம்.

சீனியர் இயர்ல, பன்னெண்டாம் கிளாஸ்ல, எங்க டீம் ஃப்ரெஸ்னோ போச்சு, என் பொண்ணு அஞ்சாவது ஆள், மொத்தத்துல 140க்கு மேல ஏதோ ஒரு எடம், டீம் கடைசில இருந்து எண்ணினா சீக்கிரம் வந்துடும். போன வருஷத்து பாடத்தால நான் காலைல இருந்து வாயே தொறக்கல, "அப்பா உனக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டா. திரும்பி வரும்போது பச்சேக்கோ மலை ஏறுற வரைக்கும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கிட்டே கடைசி ஏத்தத்துல யார எப்படி புடிச்சான்னு அவளே சொல்லிக்கிட்டு வந்தா, நான் ம்ம் கொட்டுனதோட சரி.

இன்னொண்ணு, மறந்தே போச்சு. மாத்திக்க ஒரு ஜோடி சாக்ஸும், ஸ்பைக்ஸ போட்டு இறுக்கி கட்ட ஒரு பிளாஸ்டிக் கவரும் கார்ல வைங்க. ஃப்ரெஸ்னோல இருந்து ரெண்டர மூணு மணி நேரம், கண்ணாடிய எறக்கினாலும் அந்த நாத்தம் போகாது.